விம்பிள்டனே ஜெயிக்காத கென் ரோஸ்வாலை ஏன் இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்கிறார்கள்?

ஆஸ்திரேலிய டென்னிஸ் ஆட்டக்காரர் கென் ரோஸ்வால் ஜெயித்தது 8 கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கப் போட்டிகளின் ஒற்றையர் பட்டம்), அதில் விம்பிள்டன் ஒன்றுகூடக் கிடையாது, அதே நாட்டு ராய் எமர்சனுக்கோ 12 இருக்கிறது, அப்படியிருக்கப் பழைய ஆட்கள் மட்டும் ஏன் ரோஸ்வாலை ராட் லேவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள், இது வெறும் பழைய காலப் பாசம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ரோஸ்வாலைப் பற்றியது மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு: கிராண்ட்ஸ்லாம் எண்ணிக்கையை வைத்து எல்லாக் காலத்து ஆட்டக்காரர்களையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்பது. 1968-க்கு முன்னால் ஆடியவர்களை அப்படி நிறுக்கவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் முப்பது வருடத்துக்கு மேலாகச் சென்னையில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறவன். ரோஸ்வால் ஆடி நேரில் பார்த்ததில்லை, படச்சுருள்களில் பார்த்ததுதான். ஆனால் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கிளப்பில் ஒரு வயதான மார்க்கர் (உறுப்பினர்களோடு ஆடிப் பயிற்சி கொடுக்கிற கிளப் ஊழியர்) இருந்தார். யாராவது பேக்ஹேண்டை (புறங்கைப் பக்க அடியை) வெட்டி மிதக்க விட்டால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்த ஒரு பத்திரிகைப் படத்தை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார். ரோஸ்வால் பேக்ஹேண்ட் அடிக்கத் தோளைத் திருப்பி நிற்கிற படம். "தோளப் பாரு, கையப் பாக்காத" என்பார். அன்றிலிருந்து இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். அதனால் எனக்கு இவர்மேல் பிரியம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் படிக்கும்போது அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்வால் 1934 நவம்பர் 2-ஆம் தேதி சிட்னியில் பிறந்தவர். அப்பா மளிகைக் கடைக்காரர், ராக்டேல் என்ற புறநகரில் களிமண் தரை டென்னிஸ் கோர்ட்டுகள் வைத்திருந்தார். பையன் பிறவியிலேயே இடது கைக்காரன், அப்பாதான் வலது கையில் ராக்கெட்டைப் பிடிக்க வைத்து ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். வளர்ந்தபிறகும் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்தான், உடம்பும் ஒல்லி. கூட ஆடியவர்கள் வைத்த பட்டப்பெயர் 'மசில்ஸ்', இல்லாத ஒன்றைச் சொல்லிக் கிண்டலாக வைத்தது, அதுவே ஆயுசுக்கும் நிலைத்துவிட்டது. அதே சிட்னியில் மூன்று வாரம் கழித்துப் பிறந்தவர் லூ ஹோட். இவருக்குத் தோளும் மணிக்கட்டும் இரும்பு மாதிரி, அடித்தால் பந்து கோர்ட்டைக் கிழிக்கும். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே எதிரெதிராகவும் ஜோடியாகவும் ஆடி வளர்ந்தார்கள், ஊரே 'இரட்டையர்' என்று கூப்பிட்டது.

1953-ஆம் வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ரோஸ்வால் ஆஸ்திரேலிய சாம்பியன், இறுதியில் மெர்வின் ரோஸை ஜெயித்தார். அப்புறம் பாரிஸில் விக் சேஷஸை ஜெயித்து பிரெஞ்சு சாம்பியன். வயது 18. அந்த வருடக் கடைசியில் மெல்போர்ன் கூயோங்கில் அமெரிக்காவுக்கு எதிராக டேவிஸ் கோப்பைச் சவால் சுற்று, அதாவது நாடுகளுக்கிடையிலான போட்டியின் இறுதி, நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர். கேப்டன் ஹாரி ஹாப்மன் இந்த இரண்டு 19 வயதுப் பையன்களையும் ஒற்றையர் ஆட்டத்துக்கு இறக்கினார். முதல் நாள் ஹோட் சேஷஸை ஜெயித்தார், ரோஸ்வால் டோனி டிராபர்ட்டிடம் தோற்றார், இரட்டையருக்கு ரோஸ்வாலை எடுக்கவே இல்லை, ரெக்ஸ் ஹார்ட்விக்கைப் போட்டார்கள், அதுவும் தோல்வி. 1-2 என்று பின்தங்கி நிற்கும்போது ஹோட் மழைத் தூறலில் ஐந்து செட் ஆடி டிராபர்ட்டைச் சாய்த்தார். அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் இன்றைக்கும் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அது 2-2 ஆக்கியது, அவ்வளவுதான். மறுநாள் கோப்பையைத் தீர்மானிக்கிற ஆட்டத்துக்கு இறங்கியது ரோஸ்வால். முதல் நாள் தோற்று, இரட்டையரில் ஒதுக்கப்பட்டு, ஒரு ராத்திரி முழுக்க நாளைக்கு நம் ஆட்டம்தான் என்று தெரிந்தே படுத்து எழுந்த 19 வயதுப் பையன், சேஷஸை நான்கு செட்டில் முடித்தான். ஆட்டக்காரர்களின் மனத்திடம் பற்றி என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தால் நான் ஹோட் ஆடிய ஆட்டத்தைச் சொல்வதில்லை, இதைத்தான் சொல்வேன்.

அடுத்த மூன்று வருடம் வேகமாகச் சொல்லிவிடலாம். 1954 விம்பிள்டன் இறுதியில் யாரோஸ்லாவ் டிரோப்னியிடம் தோல்வி, முதல் செட்டே 13-11 வரை போனது. செக்கோஸ்லோவாகியாவை விட்டு வெளியேறி எகிப்துக் குடியுரிமையில் ஆடிக்கொண்டிருந்த டிரோப்னி பல வருடமாக அந்தக் கோப்பைக்காகக் காத்திருந்தவர், கூட்டம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. 19 வயதுப் பையனுக்கு இன்னும் எத்தனையோ வாய்ப்பு வரும் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1955-இல் ஹோட்டைத் தோற்கடித்து மறுபடி ஆஸ்திரேலிய சாம்பியன். 1956-இல் ஹோட்டின் கை ஓங்கியது: ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன் மூன்றும் அவருக்கு, இதில் முதலும் மூன்றாவதும் இறுதியில் ரோஸ்வாலை ஜெயித்தே வந்தவை. நான்காவதும் கிடைத்தால் ஒரே வருடத்தில் நான்கு. அமெரிக்கப் போட்டி நடந்த ஃபாரஸ்ட் ஹில்ஸில், இறுதியில் முதல் செட்டை ஹோட் 6-4 எடுத்தார், அடுத்த மூன்றையும் ரோஸ்வால் 6-2, 6-3, 6-3 என்று எடுத்துவிட்டார். நண்பனின் நான்கு பட்டக் கனவு அங்கேயே நின்றது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் விம்பிள்டன் உட்பட நான்கு பெரிய போட்டிகளும் டேவிஸ் கோப்பையும் அமெச்சூர்களுக்கு மட்டும்தான். ஆட்டத்துக்குக் காசு வாங்குகிறேன் என்று வெளிப்படையாகக் கையெழுத்துப் போட்டால் அடுத்த நாளிலிருந்து கதவு மூடிவிடும். அமெச்சூர் என்றால் காசே வாங்காதவர் என்று அர்த்தமில்லை, பெரிய ஆட்டக்காரர்களுக்குச் செலவுக் கணக்கு என்ற பெயரில் கைக்குள் பணம் வந்துகொண்டுதான் இருந்தது, ஊரறிந்த ரகசியம். நேர்மையாக ஒப்பந்தம் போட்டு வாங்கினால்தான் குற்றம். 1956 கடைசியில் டேவிஸ் கோப்பை முடிந்ததும் ரோஸ்வால் ஜாக் கிரேமரின் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். சில மாதத்துக்கு முன்தான் கல்யாணம் ஆகியிருந்தது. வயது 22. கதவு திரும்பத் திறந்தது 1968 ஏப்ரலில், அப்போது வயது 33. நடுவில் 1957 ஜனவரி முதல் 1968 ஜனவரி வரை 45 கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் நடந்தன, ஒன்றில்கூட அவர் ஆட முடியவில்லை. காயமோ மோசமான ஆட்டமோ காரணமில்லை, சட்டம். ஒரு டென்னிஸ்காரருக்கு 22-லிருந்து 33 வரை என்றால் அதுதானே வாழ்க்கையே. ஃபெடரரின் கணக்கிலிருந்தோ நடாலின் கணக்கிலிருந்தோ அந்தப் பதினோரு வருடத்தைக் கழித்துவிட்டு மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அந்த 8 எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

அப்போது அந்தப் பதினோரு வருடம் அவர் என்ன செய்தார்? ஆடினார், இன்னும் அதிகமாக ஆடினார். 1957-இல் முதல் வேலையே பாஞ்சோ கொன்சாலஸோடு ஒரு நீண்ட சுற்றுப்பயணம். கொன்சாலஸ் ஆறடிக்கு மேல் உயரம், சர்வீஸ் பீரங்கி, தொழில்முறை உலகத்தில் யாரும் அசைக்க முடியாத ராஜா. ஊர் ஊராகப் போய் ராத்திரிக்கு ராத்திரி அதே ஆளோடு ஆட்டம். உள்ளரங்கில் மரத்தரையோ பனிச்சறுக்கு மைதானமோ எதுவாக இருந்தாலும், அதன்மேல் கூடவே எடுத்துவரும் கான்வாஸை விரித்துக் கட்டி ஆட வேண்டும், முடிந்ததும் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர். கணக்கு கடைசியில் கொன்சாலஸ் 50, ரோஸ்வால் 26. தோல்விதான். ஆனால் அந்த வேகமான தரையில், அந்த சர்வீஸுக்கு எதிராக, இந்த உடம்பை வைத்துக்கொண்டு மூன்றில் ஒன்று எடுத்திருக்கிறார் என்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று மூன்று பெரிய போட்டிகள் இருந்தன: லண்டன் வெம்ப்ளியில் ஒன்று, பிரெஞ்சு புரோ, அமெரிக்க புரோ. இந்த மூன்றிலும் சேர்த்து ரோஸ்வால் 1957 முதல் 1966 வரை 15 தடவை ஜெயித்தார், பிரெஞ்சு புரோ மட்டும் எட்டு, அதில் 1960 முதல் 1966 வரை தொடர்ந்து ஏழு. சிலர் இந்த 15-ஐயும் அந்த 8-ஐயும் கூட்டி 23 என்று சொல்லி ஜோகோவிச் பக்கத்தில் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழில்முறைப் போட்டிகளில் ஆட்கள் குறைவு, எட்டுப் பேர், பன்னிரண்டு பேர், பதினாறு பேர் என்றுதான் இருக்கும், மூன்று நான்கு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. ஏழு ஆட்டம் ஜெயிக்கிற கிராண்ட்ஸ்லாமுக்கு அது சமம் இல்லை. இன்னொரு பக்கம், அந்த எட்டுப் பேரில் லேசான ஆள் ஒருவர்கூட இல்லை, முதல் சுற்றிலேயே முன்னாள் விம்பிள்டன் சாம்பியன் எதிரே நிற்பார். ஆகவே கூட்டவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். தனிக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெச்சூர், தொழில்முறை இரண்டு பக்கத்துக்கும் உண்மையிலேயே எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள நம்மிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, அது லேவர். 1962-இல் அமெச்சூராக நான்கு பட்டங்களையும் ஒரே வருடத்தில் ஜெயித்து, 1963 ஜனவரியில் தொழில்முறைக்கு வந்தார். சிட்னியில் முதல் ஆட்டத்தில் ஹோட் அவரைத் தோற்கடித்தார், அடுத்த ஆட்டத்தில் ரோஸ்வால் நேர் செட்டில் முடித்தார். முதல் 21 ஆட்டத்தில் லேவர் தோற்றது 19. நன்றாக யோசியுங்கள்: ஒரே வருடத்தில் நான்கையும் வென்ற ஆள், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற இளைஞர், அவருக்கே இந்த கதி என்றால் அந்த வருடம் உலகத்தின் முதல் ஆட்டக்காரர் யார்? 1963-இல் அது ரோஸ்வால் என்பதில் விவரம் தெரிந்தவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அந்த வருடம் ஃபாரஸ்ட் ஹில்ஸில் அமெரிக்க புரோ இறுதியில் லேவரை ஜெயித்தபோது நடத்தினவர்கள் கையில் பணம் தீர்ந்துபோய், சாம்பியனுக்குப் பரிசுப்பணமே கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் லேவர் மேலே போய்விட்டார், அதையும் மறைக்கக் கூடாது. ரோஸ்வால், லேவர் இருவரும் மோதிய ஆட்டங்கள் நூற்றைம்பதுக்கு மேல், பல சின்ன ஊர்களில் நடந்தவற்றுக்கு ஒழுங்கான பதிவு கிடையாது, கிடைத்த கணக்குகளில் லேவர் முன்னால் நிற்கிறார். துல்லியமான எண்ணை யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் ஜாக்கிரதையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எமர்சன் விஷயம். அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை, குயின்ஸ்லாந்தின் பிளாக்பட் பக்கத்திலிருந்து வந்த அற்புதமான உடல்தகுதி உள்ள ஆட்டக்காரர், இரட்டையரில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஜெயித்தவர். ஆனால் அந்த 12 ஒற்றையர் பட்டங்களும் 1961 முதல் 1967 வரை வந்தவை. அப்போது ரோஸ்வால், கொன்சாலஸ், ஹோட், ஆந்திரெஸ் கிமெனோ, 1963-லிருந்து லேவர், எல்லோருமே கதவுக்கு வெளியே. 1968-இல் கதவு திறந்தபோது எமர்சனுக்கு 31 வயது, ரோஸ்வாலுக்கு 33. அதற்குப் பிறகு எமர்சன் ஒரு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரும் ஜெயிக்கவில்லை, அவரைவிட இரண்டு வயது மூத்த ரோஸ்வால் நான்கு ஜெயித்தார். 12-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

அமெச்சூருக்கும் தொழில்முறைக்கும் நடுவிலிருந்த இந்த மதில்சுவர் நம்ம ஊர் ஆளையும் தொட்டிருக்கிறது. ராமநாதன் கிருஷ்ணனுக்கும் அப்பாதான் குரு, அவருடையதும் பலத்தை நம்பாத, தொட்டு வைக்கிற ஆட்டம், சர்வீஸ் மெதுவானது, அந்த வகையில் இரண்டு பேரும் ஒரே ஜாதி ஆட்டக்காரர்கள். 1954-இல் ரோஸ்வால் டிரோப்னியிடம் தோற்ற அதே விம்பிள்டனில் ஆஷ்லி கூப்பரை ஜெயித்து ஜூனியர் பட்டம் வாங்கியவர் கிருஷ்ணன். 1959-இல் கிரேமர் அவருக்கு மூன்று வருடத்துக்கு 1,50,000 டாலர் தருகிறேன் என்று கேட்டார், கிருஷ்ணன் மாட்டேன் என்றுவிட்டார். அதனால்தான் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போக முடிந்தது, இரண்டாவது தடவை கால்இறுதியில் எமர்சனை நேர் செட்டில் அடித்தார். 1966-இல் இந்தியா மெல்போர்னில் டேவிஸ் கோப்பைச் சவால் சுற்று ஆடியபோது அணியில் இருக்க முடிந்ததும் அதனால்தான். ரோஸ்வால் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டார், 1957-இலிருந்து பல வருடம் தன் நாட்டுக்காக ஆட முடியவில்லை. யார் செய்தது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இளம் மனைவியை வைத்துக்கொண்டு, மளிகைக் கடைக்காரர் மகன் எடுத்த முடிவு அது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மார்க்கர் மன்னிக்க மாட்டார். ரோஸ்வாலின் பேக்ஹேண்ட் ஸ்லைஸ்தான் (பந்தின் அடிப்பக்கத்தை வெட்டுகிற அடி), ஆனால் நம் பிள்ளைகள் அரிவாளால் தேங்காய் வெட்டுகிற மாதிரி மேலிருந்து கீழே போடுகிறார்களே, அது இல்லை. அப்படி வெட்டினால் பந்து காற்றில் மிதக்கும், எதிராளி நடந்து வந்து அடித்துவிட்டுப் போவான். ரோஸ்வால் பந்து வரும் முன்பே தோளை முழுக்கத் திருப்பிவிடுவார், வலது தோள்பட்டையின் பின்பக்கம் வலைக்குத் தெரியும். ராக்கெட்டின் தலை பந்தைவிடக் கொஞ்சம்தான் மேலே, முழங்கால் மடங்கி இருக்கும், மணிக்கட்டு அசையாது. அப்புறம் கொத்தனார் சுவரில் கரணையால் பூச்சு இழுக்கிற மாதிரி முன்னாலேயே நீளமாக இழுப்பார், கீழே இறங்குவது கண்ணுக்கே தெரியாது. பந்து வலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நேராகப் போய், விழுந்த இடத்தில் எழும்பாமல் சறுக்கும். அதே கை வீச்சில் குறுக்கே, கோட்டோரம், லாப் (எதிராளி தலைக்கு மேலே தூக்கிப் போடுவது) மூன்றும் வரும். எது வரும் என்று கடைசிவரை தெரியாது. வலைக்கு ஓடிவருகிறவர்களுக்கு அதுதான் நரகம்.

இடது கைக்காரரை வலது கைக்கு மாற்றியதால்தான் பேக்ஹேண்ட் இவ்வளவு நன்றாக வந்தது, சர்வீஸ் பலவீனமானது என்று ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் வரும். சர்வீஸ் பற்றிய பாதி சரியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் சர்வீஸ் என்பது கல்லெறிகிற அசைவு, இயல்பான கை எதுவோ அதில்தான் எறி நன்றாக வரும். பயிற்சியில் இதை நானே பார்த்திருக்கிறேன். பேக்ஹேண்ட் பற்றிய பாதி எனக்குச் சந்தேகம். அது களிமண் தரையில் விடிகாலையில் அப்பா போட்ட ஆயிரக்கணக்கான பந்துகளிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். இது என் ஊகம், அவ்வளவே.

1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் முதல் ஓபன் போட்டி, அதாவது அமெச்சூர், தொழில்முறை இரண்டு பேரும் சேர்ந்து ஆடலாம் என்ற போட்டி நடந்தது. ஜெயித்தது ரோஸ்வால், இறுதியில் தோற்றது லேவர். அடுத்த மாதம் பாரிஸ், ஊரெங்கும் வேலைநிறுத்தம், அங்கே நடந்த முதல் ஓபன் கிராண்ட்ஸ்லாமும் அவருக்கே, மறுபடி லேவரை ஜெயித்து. முதல் தடவை பாரிஸில் ஜெயித்து 15 வருடம் கழிந்திருந்தது. 1970-இல் டோனி ரோச்சை ஜெயித்து அமெரிக்க ஓபன், 1971-இல் ஆர்தர் ஆஷை ஜெயித்து ஆஸ்திரேலிய ஓபன், 1972-இல் மால் ஆண்டர்சனை ஜெயித்து மறுபடி அதுவே. அந்தக் கடைசிப் பட்டத்தின்போது அவருக்கு 37 வயது இரண்டு மாதம். ஓபன் காலத்தில் அதைவிட வயதான ஆண் ஒருவர் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் ஜெயித்ததில்லை. ஃபெடரரும் ஜோகோவிச்சும் 36-இல் ஜெயித்தார்கள், இந்த எண்ணைத் தாண்டவில்லை.

அப்படியென்றால் விம்பிள்டன் ஏன் இல்லை? இங்கே நான் அவருக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. பதினோரு வருடம் கதவு மூடியிருந்தது, 1972-இல் தனியார் சுற்றுகளோடு ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரர்களுக்குத் தடை, 1973-இல் நிகோலா பிலிச் என்ற ஆட்டக்காரருக்கு விதித்த தடையைக் கண்டித்து 80-க்கு மேற்பட்டவர்கள் புறக்கணித்தபோது அவரும் போகவில்லை, இதெல்லாம் உண்மை. ஆனால் கதவு திறந்திருந்தபோதும் நான்கு இறுதி ஆட்டம் ஆடி நான்கிலும் தோற்றார். 1968-இல் ரோச்சிடம் நான்காம் சுற்றில் போனார், 1969-இல் பாப் லட்ஸிடம் அதற்கும் முன்பே. 1970 இறுதியில் ஜான் நியூகோம்போடு ஐந்து செட், கடைசி செட் 6-1. அந்தக் காலப் புல்தரையில் பந்து தாழ்வாகவும் வேகமாகவும் போகும், நல்ல சர்வீஸ் வைத்திருப்பவனுக்கு இலவசமாகப் புள்ளி விழும், ரோஸ்வால் ஒவ்வொரு புள்ளிக்கும் உழைக்க வேண்டும். 35 வயதில் இரண்டு வாரம் அப்படி உழைத்துவிட்டு ஐந்தாவது செட்டுக்கு வந்தால் கால் பேசாது. சர்வீஸ்தான் அவருடைய குறை, அந்தக் குறை மிக அதிகமாக வலித்த இடம் விம்பிள்டன். 1958-லிருந்து 1963 வரை உள்ளே விட்டிருந்தால் ஒன்றோ இரண்டோ ஜெயித்திருப்பார் என்று நான் நம்புகிறேன், 1960-லும் 1963-லும் அவரைவிட நல்ல ஆட்டக்காரர் உள்ளே இல்லை. ஆனால் கொன்சாலஸையும் சேர்த்து உள்ளே விட்டிருந்தால்? ஹோட்டின் முதுகு சரியாக இருந்திருந்தால்? அங்கே என் நம்பிக்கைக்கு அடித்தளம் கிடையாது. அவர் 20 ஜெயித்திருப்பார், 25 ஜெயித்திருப்பார் என்று எண் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

1974-ஐப் பலர் அவமானமாகச் சொல்கிறார்கள், ஜிம்மி கானர்ஸ் விம்பிள்டன் இறுதியில் 6-1, 6-1, 6-4 என்றும், அமெரிக்க ஓபன் இறுதியில் 6-1, 6-0, 6-1 என்றும் நொறுக்கினாரே என்று. அந்த ஆட்டங்களைப் பார்த்தால் எனக்கும் மனசு கனக்கிறது. ஆனால் எதிரே நின்றவருக்கு 21, 22 வயது, இவருக்கு 39. அந்த விம்பிள்டன் இறுதிக்கு வர நியூகோம்பை ஜெயித்தார், அரையிறுதியில் ஸ்டான் ஸ்மித்திடம் இரண்டு செட் பின்தங்கி, மூன்றாவதை டைபிரேக்கில் (செட் சமனாக நிற்கும்போது அதை முடிக்க ஆடுகிற சிறு ஆட்டம்) பிடித்து, அப்புறம் ஐந்து செட்டில் ஜெயித்தார். முதல் விம்பிள்டன் இறுதிக்கும் கடைசி விம்பிள்டன் இறுதிக்கும் இருபது வருட இடைவெளி. நம்ம விஜய் அமிர்தராஜைக் கேட்டால் நாற்பதை நெருங்கிய அந்த மனிதர் எப்படி ஆடினார் என்று தெரியும்: 1973 அமெரிக்க ஓபனில் லேவரை ஜெயித்து வந்த விஜய் கால்இறுதியில் தோற்றது ரோஸ்வாலிடம், 1974-இல் பியான் போர்க்கை ஜெயித்து வந்து மறுபடி கால்இறுதியில் தோற்றதும் ரோஸ்வாலிடம். விஜய் சென்னையில் பிறந்தது 1953 டிசம்பரில், கூயோங்கில் அந்தப் பையன் சேஷஸை அடிப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரமிருக்கிறது என்றால் 1972 மே மாதம் டல்லாஸில் நடந்த டபிள்யூ.சி.டி. (ஒப்பந்தத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சுற்று) இறுதியைத் தேடிப் பாருங்கள். ரோஸ்வாலுக்கு 37, லேவருக்கு 33, மூன்றரை மணி நேரம் ஓடிய ஐந்து செட், முதல் பரிசு 50,000 டாலர். ஐந்தாவது செட்டும் டைபிரேக்குக்குப் போகிறது. லேவர் 5-4 என்று முன்னால், இரண்டு சர்வீஸும் அவர் கையில், இரண்டையும் எடுத்தால் முடிந்தது. ரோஸ்வால் கால் இழுத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அடுத்த புள்ளிவரை நிற்பாரா என்று சந்தேகம் வருகிற மாதிரி நடந்து போவார், அது அவர் வழக்கம், இருபது வயதிலும் அப்படித்தான் நடப்பார். லேவர் சர்வீஸ் போட்டுவிட்டு முன்னால் ஓடிவருகிறார், பேக்ஹேண்டில் ரிடர்ன், பந்து அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. அடுத்த சர்வீஸ், மறுபடி பேக்ஹேண்ட், மறுபடி லேவரின் கைக்கு அகப்படவில்லை. இப்போது 6-5, சர்வீஸ் ரோஸ்வாலுடையது, அந்த மெதுவான, எல்லோரும் குறை சொல்கிற சர்வீஸ். லேவர் அதைத் திருப்பி அனுப்பத் தவறுகிறார். அந்த இரண்டு ரிடர்ன்களையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள்.